செலவு அவர்களுடையது, சலுகை இல்லை

கே: உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பை நடத்தும் நாடு, கூடுதலாக ஒருவரைக் களமிறக்கலாமா?

ப: முடியாது. அரங்கமும் அலைச்சலும் அவர்களுடையது, அவ்வளவுதான். ஆண்கள், பெண்கள், ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக்கு ஓர் இடம், அதிகபட்சம் மூன்று. கூடுதல் இடங்களை முந்தைய வருஷம் ஆடியவர்கள்தான் சம்பாதித்துத் தர வேண்டும். தனியாகப் போனவர் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் அடுத்த வருஷம் மூன்று பேர் போகலாம், பத்துக்குள் வந்தால் இரண்டு பேர். இரண்டு மூன்று பேர் போயிருந்தால், முன்னால் வந்த இருவரும் எத்தனையாவதாக வந்தார்கள் என்ற எண்களைக் கூட்டுவார்கள். 13-க்குள் இருந்தால் மூன்று, 28 வரை இரண்டு. நான்காவதும் ஒன்பதாவதும் வந்தால் தப்பித்தார்கள். அந்த ஒன்பது பத்தானால் ஓர் இடம் போச்சு! பதக்கத்துக்குப் பக்கத்திலேயே வராத ஒருவரின் மார்க்குக்காகப் பயிற்சியாளர் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

2013-ல் லண்டனில் (இங்கிலாந்து இல்லை, கனடாவில் இருக்கும் லண்டன்) நடந்த உலகப் போட்டியில், பெண்கள் பிரிவில் தென்கொரியாவுக்காகக் கிம் யூனா ஒருவர்தான் ஆடினார். தங்கம் வென்றார். அதனால் மறு வருஷம் சோச்சி ஒலிம்பிக்ஸுக்கு அவரோடு இன்னும் இரண்டு பெண்கள் போக முடிந்தது. இடம் நாட்டுக்குத்தான் சொந்தம், சம்பாதித்தவருக்கு இல்லை. யாரை அனுப்புவது என்பது அந்த நாட்டுச் சங்கத்தின் முடிவு. சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

கே: இடம் இருந்தால் தேசிய சாம்பியனை அப்படியே அனுப்பிவிடலாமா?

ப: குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஆடும் ஷார்ட் புரோகிராம், அடுத்து ஆடும் நீளமான ஃப்ரீ ஸ்கேட் இரண்டிலும், அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டிகளில் அதை எடுத்திருக்க வேண்டும். சொந்த நாட்டுப் போட்டியில் வாரி வழங்கிய மார்க் செல்லாது. என்னைக் கேட்டால் நியாயமான விதி. வயதும் 17 ஆகியிருக்க வேண்டும். இத்தனையும் தாண்டிப் போனாலும், ஒற்றையர் பிரிவில் ஷார்ட் புரோகிராமில் முதல் 24 பேருக்குத்தான் ஃப்ரீ ஸ்கேட். மற்றவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் நாற்பது நொடியோடு போட்டி முடிந்தது.

கே: நடத்துபவர்களுக்கு எது பெரிய தலைவலி?

ப: ஹோட்டல், பஸ், டிக்கெட் எல்லாம் எந்தப் போட்டிக்கும் உள்ளதுதான். பனித்தளம் போடும் வேலையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், பனிதான் தலைவலி. பெரிய அரங்கங்கள் பெரும்பாலும் ஐஸ் ஹாக்கிக்குக் கட்டியவை. ஹாக்கிக்காரர்களுக்குக் கெட்டியான, அதிகக் குளிரான பனி வேண்டும். ஸ்கேட்டர்களுக்கு ஓரிரு டிகிரி கூடுதலாக, மைனஸ் மூன்று நான்கு போல, கொஞ்சம் மிருதுவாக இருக்க வேண்டும். கெட்டியான பனியில் பிளேடு பிடிக்காது, சில்லு சில்லாகப் பெயரும்.

அப்புறம் குழிகள். லட்ஸ், ஃப்ளிப் இரண்டும் பிளேடு முனைப் பல்லைக் குத்திக் கிளம்பும் தாவல்கள். லட்ஸை மூலைப் பக்கமாகவே பலரும் தாவுவார்கள், அங்கே குழி குழியாக இருக்கும். இடைவேளையில் சிலர் வாளியோடு குனிந்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாளியில் ஈரப்பனி. அதைக் குழியில் அடைத்து, அழுத்தி, மட்டமாக வழித்துவிடுவார்கள். பிறகு மெஷின் மேலே வெந்நீர் பரப்பும். ஏன் வெந்நீர்? பழைய பனியை லேசாக உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குத்தான். அவசரத்தில் அடைத்த குழி அடுத்தவர் காலில் பெயர்ந்து வரும். கேமராக்காரர்கள் அந்த நேரத்தில் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள், எனக்கு அதில் தீராத வருத்தம்.

கே: ஒப்புக்கொண்ட நகரத்தால் நடத்த முடியாமல் போனால்?

ப: நடந்திருக்கிறது. 2011 மார்ச்சில் டோக்கியோவில் நடக்க வேண்டியது, நிலநடுக்கத்தால் மாஸ்கோவுக்குப் போய் ஏப்ரல் கடைசியில் நடந்தது. 2020-ல் மான்ட்ரியல் போட்டி, தொடங்கச் சில நாட்களே இருந்தபோது கொரோனாவால் ரத்து. அந்த நகரத்துக்கு 2024-ல் மறுபடி கொடுத்தார்கள். ஆறு வாரத்துக்குள் ஒரு உலகப் போட்டியைத் தயார் செய்த மாஸ்கோ பனித்தளக்காரர்கள் எப்போது தூங்கினார்களோ!