வெளிநாட்டு முதலீட்டுப் பயணமும் எம்.எல்.ஏ.வும்: வாசகர் கேள்விகள்

எங்கள் எம்.எல்.ஏ. அரசின் முதலீட்டுக் குழுவோடு ஜப்பான் போகிறார். விமானக் கட்டணம் அரசுடையது. தங்கும் செலவை அங்குள்ள ஒரு நிறுவனம் ஏற்கிறதாம். அரசுக் குழுவில் போவதால் தனி அனுமதி வேண்டாம் என்கிறார்களே? (திருப்பூர் வாசகர்)

வேண்டும். அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் 6-வது பிரிவு, வெளிநாடு செல்லும் சட்டமன்ற உறுப்பினர் மத்திய அரசின் முன் அனுமதியின்றி அங்கே எந்த வெளிநாட்டவரின், வெளிநாட்டு நிறுவனத்தின் விருந்தோம்பலையும் ஏற்கக் கூடாது என்கிறது. பயணச் செலவு, இலவசச் சாப்பாடு, தங்குமிடம், வண்டி, வைத்தியம் எல்லாம் இதில் அடக்கம். அரசுத் துறையே அனுப்பும் பயணமானால் அழைப்புக் கடிதத்தோடு அந்தத் துறையின் ஒப்புதலையும் இணைத்து, எஃப்.சி-2 படிவத்தில் உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. நம் ஊரில் விசா வந்த பிறகுதான் இந்தப் படிவம் பலருக்கு ஞாபகம் வரும்!

போன இடத்தில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய், அவசர சிகிச்சையை வேறு யாராவது ஏற்றால் மட்டும் விலக்கு. அப்போதும் ஒரு மாதத்துக்குள், யார் கொடுத்தார்கள், தோராயமாக எவ்வளவு என்று மத்திய அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

மேயர், ஊராட்சித் தலைவருக்கும் இது பொருந்துமா? (சேலம்)

பொருந்தும். இந்தச் சட்டத்தில் ‘சட்டமன்றம்’ என்பதற்குள் நகராட்சியும் ஊராட்சியும் வருகின்றன.

தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கும்போது கொடுக்கும் காபியும் குற்றமா? (மதுரை)

இல்லை. தற்செயலான உபசாரத்தைச் சட்டமே விட்டுவிடுகிறது. இந்தியக் குழுவின் உறுப்பினராகப் பெறும் நினைவுப் பரிசுக்கும் 4-வது பிரிவில் இடமுண்டு. ஆனால் அதற்குரிய விதிப்படி வாங்கியிருக்க வேண்டும்.

உறுப்பினருக்கே நூற்பாலை இருக்கிறது. அவர் ஜவுளிக் குழுவில் போகலாமா? (கோவை)

போகக் கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. என் கவலையும் அதுதான். செலவு யாருடையது என்று கேட்கிற சட்டம், ஆதாயம் யாருக்கு என்று கேட்பதில்லை. மாநிலங்களவையில் 293-வது விதிப்படி உறுப்பினர்களின் இயக்குநர் பதவி, கட்டுப்படுத்தும் அளவிலான பங்கு, ஊதியம் பெறும் ஆலோசனைப் பணி முதலியவற்றுக்கு ஒரு பதிவேடு உண்டு. ஆனால் அது அவை நடவடிக்கைக்காக வைத்தது. குழுவை அமைக்கும் அரசாணையிலேயே ‘இந்தத் துறையில் எனக்கு இன்ன தொழில் உண்டு’ என்று எழுதி வாங்குவதுதான் முறை.

அமெரிக்காவில் கட்சிக்கு நன்கொடை தந்தவர்களுக்கு வணிகக் குழுவில் இடம் கிடைத்தது என்ற புகார் கிளம்பி, 1997-இல் வணிகத்துறைச் செயலர் வில்லியம் டேலி பயணங்களையே 30 நாள் நிறுத்திவைத்தார். பிறகு தேர்வு முறையை எழுத்தில் வகுத்தார்கள். விண்ணப்பிப்பவரின் கட்சி வேலை, நன்கொடை எதையும் தேர்வில் கணக்கில் எடுப்பதில்லை என்ற வரி இன்றும் அவர்களுடைய அறிவிப்புகளில் வருகிறது. அது நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்க எழுதிய வரிதான். நம் அரசாணையில் உறுப்பினர்களுக்கும் சேர்த்தே எழுதலாம்.