வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் எனக்கு. வயது 53. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 24 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கணவருக்கு விவசாயம். ஒரே மகள், சென்னையில் வேலையில் இருக்கிறாள். வருகிற தை மாதம் கும்பகோணத்தில் அவளுக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் போய்த் தலைமுடியைப் பற்றி எழுதுகிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆறு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

38 வயதில் சாயம் போட ஆரம்பித்தேன். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். ஏழு வருடமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் குழைத்து, பழைய பல்துலக்கியால் வகிட்டில் தடவிக்கொள்வேன். அந்த அரை மணி நேரம் வாசலில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டேன்.

இந்த வருடம் ஆடிப்பெருக்குக்கு முன்னால் அப்படிப் போட்டேன். இரண்டாம் நாள் காது மடலில் அரிப்பு. மூன்றாம் நாள் காலையில் கண் இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கள் ஊர் டாக்டர், "சாயம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள்" என்றார். பத்து நாள் கழித்து, இயற்கையானது என்று சொன்னார்களே என்று கறுப்பு மருதாணிப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் காதோரம் மட்டும் தடவிப் பார்த்தேன். அதிலும் அரிப்பு வந்துவிட்டது. அதோடு நிறுத்தினேன். இப்போது வகிட்டில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. குங்குமம் வைக்கும்போதெல்லாம் கண்ணாடியில் அதுதான் முதலில் தெரிகிறது.

என் நாத்தனார், "சம்பந்தி வீட்டார் முன்னால் பாட்டி மாதிரி நிற்கப் போகிறாயா அண்ணி?" என்று கேட்டார். மகள் முதலில், "விடுங்கள் அம்மா, உடம்புதான் முக்கியம்" என்றாள். போன வாரம் போனில், "கல்யாணம் வரைக்கும் மட்டும் ஏதாவது போட்டுக்கொள்ள முடியுமா?" என்றாள். என் கணவருக்கு 45 வயதிலேயே தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஊரில் அவருக்கு மரியாதை கூடியதே தவிர யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைக் கேட்டால், "உனக்கு எது சௌகரியமோ செய்" என்கிறார். அது பதிலா, பதில் இல்லையா என்று தெரியவில்லை.

என் அம்மாவுக்கு நரையே கிடையாது. எனக்கு 21 வயதாக இருக்கும்போது, 46 வயதில் போய்விட்டார். சாயம் போட்டுத் தலை காய்ந்து பின்னிக்கொண்டு நின்றால், திருவையாற்றுச் சித்தி, "அக்கா வந்து நிற்பது போலவே இருக்கிறது" என்பார்.

சாயத்தை விட்டுவிட்டால் என்னை நானே கைவிட்டது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் அம்மா?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கூச்சப்பட வேண்டாம். கண் இமை வீங்கும் அளவுக்குப் போன விஷயம் சின்ன விஷயம் இல்லை. அதனால் முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் பாரா ஃபினைலீன் டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பதினைந்து வருடம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் செய்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இந்த ஒவ்வாமை அப்படித்தான் வரும். பல வருடம் சும்மா இருந்த உடம்பு ஒருநாள் அந்தப் பொருளை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். குறித்துக்கொண்டால் பிறகு மறப்பதில்லை. அடுத்த முறை வீக்கம் இன்னும் கடுமையாக வரலாம். கறுப்பு மருதாணி என்று விற்கப்படும் பல பொட்டலங்களிலும் இதே பொருள்தான் கலந்திருக்கிறது. மருதாணி இலை தனியாகக் கறுப்பு தராது, செம்பட்டைதான் தரும். அம்மோனியா இல்லாதது என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள், அது வேறு பொருள். மகள் கேட்கிறாளே என்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். மேடையில் வீங்கிய கண்ணோடு நிற்க நேரும். மூச்சுத் திணறும் அளவுக்குப் போனவர்களும் உண்டு.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கேயோ, உங்களுக்கு வசதியான வேறு தோல் மருத்துவரிடமோ ஒருமுறை போய் வாருங்கள். முதுகில் சிறு சிறு ஒட்டுகளை வைத்து, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. உங்களுக்கு எது ஆகாது என்று அதில் தெரிந்துவிடும். மருதாணியும் அவுரி இலைப் பொடியும் மட்டும் சேர்ந்தால் கருமைக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வரும். வேறு எதுவும் கலக்காத பொடியாக அது இருந்து, மருத்துவரும் சரி என்றால் அதைப் போட்டுக்கொள்ளலாம். அதில் தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை. ஆகவே, சாயமா நரையா என்று நீங்கள் நினைப்பது போல இரண்டே வழிகள் இல்லை.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன்.

அம்மாவைப் பற்றி மூன்றே வரி எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அவர் மறைந்தது 46 வயதில். நீங்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சாயம் போடத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. 53-இல் ஏழு போனால் 46. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தாயை அவருடைய நடுவயதில் இழந்த பெண்களுக்கு அந்த வயதைத் தாண்டுவது ஒரு படித்துறையின் கடைசிப் படி மாதிரி. அதுவரை கால் வைக்க ஒவ்வொரு படியாக இருந்தது. அதற்கு அப்பால் தண்ணீருக்குள் எங்கே தரை இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க முன்னால் யாரும் இல்லை. 50 வயதில் அம்மா எப்படி இருந்திருப்பார், 60 வயதில் எப்படி நடந்திருப்பார் என்று நீங்கள் பார்த்ததே இல்லை. கறுத்த தலையோடு கண்ணாடி முன் நின்றால் உங்களுக்கு ஒருவர் தெரிகிறார். வெள்ளைக் கோடு விழுந்தால் அவர் மறைந்துவிடுகிறார். "என்னை நானே கைவிட்டது போல" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை இரண்டாம் முறை அனுப்பிவைப்பது போல என்று அந்த வரியை நான் படித்தேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். இதைப் படிக்கும்போது உங்கள் தொண்டை அடைத்தால் சரி, இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடைத்தால், ஒன்று செய்யுங்கள். சித்தியைப் போய்ப் பாருங்கள். அம்மாவோடு பிறந்தவர், இந்நேரம் அவருக்கும் தலை வெளுத்திருக்கும். நரை வருவதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. எந்தப் பக்கம் முதலில் வெளுத்தது, நெற்றியோரமா உச்சியிலா, முடி எப்படிச் சுருண்டிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் அம்மாவுக்கு வயதாகியிருந்தால் ஏறக்குறைய எப்படி இருந்திருப்பார் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தலைதான். அக்காவைப் பற்றி அவரிடம் கேளுங்கள். முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த துக்கம் உங்களிடம் இருக்கிறது. கிணற்றடியில் தனியாக அடைத்துவைத்தது போதும்.

நாத்தனாருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "கண் வீங்குகிறது, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்" என்ற ஒரு வரி போதும், அது உண்மையும்கூட. கணவர் சொன்னது அலட்சியம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவருக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை, அதனால்தான் அவ்வளவு எளிதாகச் சொல்கிறார். "எனக்கு இது எளிதாக இல்லை, கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்" என்று அவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரே வெள்ளை முடி ஆணுக்கு மதிப்பாகவும் பெண்ணுக்குக் குறையாகவும் எண்ணப்படுவது அநியாயம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

உங்கள் ஊருக்கு வெண்ணாற்றுத் தண்ணீர் கல்லணையிலிருந்துதானே வருகிறது? அதைக் கட்டிய கரிகாலனைப் பற்றி ஒரு கதை உண்டு. வழக்கோடு வந்த முதியவர்கள் இருவர், இந்தச் சின்னப் பையனுக்கு என்ன நியாயம் தெரியும் என்று தயங்கினார்களாம். அவன் உள்ளே போய் நரைமுடி தரித்து, முதியவன் வேடத்தில் வந்து தீர்ப்புச் சொன்னானாம். நரைக்காக ஒரு சோழ ராஜா வேடம் போட வேண்டியிருந்தது. 24 ஆண்டுகளாகக் குறுவைக்கும் தாளடிக்கும் கடன் கொடுத்து, யாருடைய வயல் எந்த வருடம் மூழ்கியது என்று மனப்பாடமாகத் தெரிந்த உங்களுக்கு அது தானாக வந்திருக்கிறது.

மகளிடம் போனில் பேச வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரில் பேசுங்கள். அவள் கேட்டதில் அம்மாவைப் பற்றிய வெட்கத்தைவிட, அந்த நாளில் யாரும் அம்மாவை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பதற்றம்தான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். கேட்டால்தானே தெரியும்? பாட்டியின் கதையை அவளும் கேட்கட்டும்.

கடைசியாக, தை மாதத்துக்கான காரியம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இன்றிலிருந்து ஐந்து மாதத்தில் வகிட்டின் இரு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை வந்திருக்கும், பின்னல் கறுப்பாகவே இருக்கும். இரண்டு நிறம் உறுத்தினால் தோள்வரை வெட்டிக்கொள்ளலாம். வெட்ட மனம் இல்லையென்றால் தாழ்வாகக் கொண்டை போட்டு, தஞ்சாவூர்க் கதம்பத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். மரிக்கொழுந்தின் பச்சையும் கனகாம்பரத்தின் செம்மஞ்சளும் நரைமேல் நன்றாக எடுத்துக்காட்டும். சித்தியை இரண்டு நாள் முன்னதாகவே கல்யாண வீட்டுக்கு அழைத்துவிடுங்கள். அன்று காலையில் உங்களுக்குத் தலைவாரிப் பூவைக்க அவர் கை இருக்கட்டும்.

மருத்துவரைப் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்