எட்டு மூத்த வீரர்கள் விடைபெறும்போது தற்காப்பு அணியை எங்கிருந்து கட்டத் தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் நிலையான எஃப்.சி.எஸ். பிரிவில் ஆடும் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்கிறேன். அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணியின் தற்காப்புப் பயிற்சியாளருக்கு ஆட்டப் பதிவுகளைப் பிரித்துத் தரும் மாணவ உதவியாளராகவும் இருக்கிறேன். சென்ற பருவத்தில் தொடக்க வரிசையில் ஆடிய பதினொரு தற்காப்பு வீரர்களில் எட்டுப் பேர் இந்த மே மாதம் பட்டம் பெற்றுப் போகிறார்கள். மார்ச்சில் வசந்தகாலப் பயிற்சி தொடங்குவதற்குள் ஒரு குறிப்புத் தயாரித்துத் தரும்படி பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது? 4-2-5 அமைப்பை (முன்வரிசையில் நால்வர், நடுவில் இருவர், பின்வரிசையில் ஐவர்) 3-3-5 ஆக மாற்றிவிடலாம் என்ற பேச்சும், வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வருபவர்களைக் கொண்டு இடங்களை நிரப்பிவிடலாம் என்ற பேச்சும் ஓடுகின்றன. இவை சரியா?

பதில்: எட்டு இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உயரம், எடை, நாற்பது யார்டு ஓட்ட நேரம் ஆகியவற்றோடு ஒரு புதுப் பெயரை எழுதுவதுதான் இந்த நிலையில் எல்லோரும் முதலில் செய்கிற வேலை. அதை நீங்கள் இரண்டாவதாகச் செய்யுங்கள். போகிற எட்டுப் பேரில் களத்தில் யார் பேசினார், யாருடைய சொல்லுக்கு மற்றவர்கள் நகர்ந்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை. உடல் பலத்தையும் வேகத்தையும் அடுத்த ஆண்டு மாணவர்களிடமும் பார்க்கலாம். நான்கு ஆண்டுகள் ஒன்றாக ஆடியவர்களுக்குள் உருவான அந்தப் பேச்சு அவர்களோடு போய்விடும், அது எந்தக் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்காது.

ஒரு பிளேயை, அதாவது பந்து கிளம்பி நிற்கும் வரையிலான ஒரு முயற்சியை, அருகிலிருந்து பார்ப்போம். மூன்றாவது முயற்சி, ஆறு யார்டு தேவை. எதிரணி இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு எனப் பந்து பிடிப்பவர்களை நிறுத்துகிறது. உங்கள் அணி பகுதிக் காவலில், அதாவது ஆளுக்கு ஒரு பகுதியைக் காத்து, நிற்கிறது. பந்து கிளம்பும் கணமான ஸ்னாப்புக்கு இரண்டு விநாடிகளுக்கு முன் வலப்புற உள்வரிசை வீரர் இடப்புறமாக ஓடத் தொடங்குகிறார், இப்போது இடப்புறம் மூவர், வலப்புறம் ஒருவர். எல்லோருக்கும் பின்னால் நிற்கும் காவலரான மூத்த சேஃப்டி கையை உயர்த்தி ஒரே ஒரு சொல்லைச் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டதும் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் இரண்டு அடி இடப்புறம் நகர்வார், ஓரத்தைக் காக்கும் வலப்புறக் கார்னர்பேக் தன் ஆளைத் தனியாக எடுத்துக்கொள்வார், இரண்டாவது சேஃப்டி நடுப்பகுதிக்கு வந்து நிற்பார். நான்கு பேர் சேர்ந்து செய்கிற இந்த மாற்றம் ஒரு மூச்சு நேரத்தில் முடிந்துவிடும், பார்வையாளர் கண்ணில் படவே படாது. அதே இடத்தில் இரண்டு புதியவர்கள் நின்றால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அதற்குள் பந்து கிளம்பிவிடும், உள்வரிசை வீரர் நடுவே யாரும் தொடாமல் நாற்பது யார்டு போய்விடுவார். பதிவில் கார்னர்பேக் பின்னால் துரத்திக்கொண்டு ஓடுவது மட்டும் தெரிவதால், எல்லோரும் அவர் மெதுவாக ஓடினார் என்று எழுதி வைப்பார்கள். பிழை அவருடைய காலில் இல்லை, ஸ்னாப்புக்கு முன்னால் யாரும் சொல்லாத அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பக்கக்கோட்டிலிருந்து பயிற்சியாளர் சொல்லிச் சமாளிக்கலாமே என்று தோன்றலாம். 2024 முதல் உங்கள் பிரிவுக்கு மேல்நிலையான எஃப்.பி.எஸ். பிரிவில் தற்காப்பு வீரர் ஒருவரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் பேச அனுமதி இருக்கிறது. ஆனால் அடுத்த பிளேயைத் தொடங்கத் தரப்படும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 விநாடிகள் மிச்சமிருக்கும்போதே அந்த இணைப்பு துண்டிக்கப்படுகிறது, எதிரணியின் இடமாற்றங்களோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. எனவே அந்தக் கடைசி விநாடிகள் எப்போதும் களத்தில் நிற்பவர்களுக்கே சொந்தம்.

ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு உதாரணங்கள் அண்மைக் காலத்திலேயே உண்டு. 2021 பருவத்தில் தேசியப் பட்டம் வென்ற ஜார்ஜியா பல்கலைக்கழக அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 10.2 புள்ளிகளே விட்டுக்கொடுத்தது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கல்லூரி வீரர்களை எடுக்கும் 2022 தேர்வின் முதல் சுற்றில் மட்டும் அந்தத் தற்காப்பிலிருந்து ட்ரேவன் வாக்கர், ஜோர்டான் டேவிஸ், குவே வாக்கர், டெவான்டே வயாட், லூயிஸ் சீன் ஆகிய ஐவர் எடுக்கப்பட்டார்கள், தற்காப்பைப் பொறுப்பேற்று நடத்திய டான் லானிங்கும் ஓரிகன் அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். இத்தனை பேர் போன பிறகும் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் அதே ஓரிகனை 49-3 என்று வென்றது ஜார்ஜியா, அந்தப் பருவம் முழுவதும் தோற்காமல் 15-0 என்று முடித்தது, ஆட்டத்துக்கு 14.3 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. திறமையான மாணவர்களைச் சேர்க்கும் வசதி அவர்களுக்கு இருந்தது என்பது உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். லானிங் போனதும் பொறுப்பேற்ற இருவரில் க்ளென் ஷூமன் 2016 முதல் அங்கேயே இருந்தவர், மற்றவரான வில் மஸ்சாம்ப் முந்தைய ஆண்டே அந்தப் பயிற்சிக் குழுவில் இருந்தவர். ஆகவே எந்த ஆட்ட முறை என்பதைக் குறிக்கும் அழைப்புச் சொற்கள் மாறவில்லை. ஜேலன் கார்ட்டர் போன்றவர்கள் 2021-இல் வழக்கமான தொடக்க வரிசையில் இல்லாவிட்டாலும், சுழற்சி முறையில் நிறைய பிளேகளை ஆடியிருந்தார்கள். முக்கியமாக, ஐந்தாம் ஆண்டு மாணவரான சேஃப்டி கிறிஸ்டோபர் ஸ்மித் போகாமல் தங்கினார். ஓரிகனுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்திலேயே முதலாண்டு மாணவர் மலாக்கி ஸ்டார்க்ஸ் பாய்ந்து பந்தைப் பறித்தபோது, அவரோடு பின்வரிசையில் இருந்த மூத்தவர் இந்த ஸ்மித்.

மறுபக்கம் 2019-இல் 15-0 என்று பட்டம் வென்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத் (எல்.எஸ்.யு.) தற்காப்பிலிருந்து பேட்ரிக் குவீன், கிளாவன் சேஸன், கிராண்ட் டெல்பிட், கிறிஸ்டியன் ஃபுல்டன் முதலானோர் போனார்கள். தற்காப்புப் பயிற்சியாளர் டேவ் அராண்டா பெய்லருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போக, அவர் இடத்துக்கு வந்த போ பெலினி 3-4 அமைப்பிலிருந்து (முன்வரிசையில் மூவர், நடுவில் நால்வர்) 4-3 அமைப்புக்கு மாற்றினார். கோவிட் தொற்றால் 2020 மார்ச்சில் வசந்தகாலப் பயிற்சியும் பாதியில் நின்றது. செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட் அணி 44-34 என்று அவர்களைத் தோற்கடித்தது, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கே.ஜே. கோஸ்டெல்லோ 623 யார்டுகள் எறிந்து, இரு அணிகளும் ஆடும் எஸ்.இ.சி. என்ற போட்டிக் கூட்டமைப்பின் சாதனையை முறியடித்தார். புதியவர்களை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் காவலையே நம்பி நின்றதால், குறுக்கே ஓடியவர்களை அன்று யாராலும் பிடிக்க முடியவில்லை. பருவம் 5-5 என்று முடிந்தது, பெலினியும் விலகினார். ஆட்கள் மாறிய அதே ஆண்டில் மொழியையும் மாற்றியதன் விலை அது.

அமைப்பை மாற்றலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது: இந்த ஆண்டு வேண்டாம். தங்கியிருக்கும் மூவரும் 4-2-5 மொழியில் ஊறியவர்கள், அவர்கள்தான் மற்ற எட்டுப் பேருக்கும் ஆசிரியர்கள். அமைப்பை மாற்றினால் அந்த மூவரும் முதலாண்டு மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். உங்களிடம் இருக்கும் முன்வரிசைக்காரர்களில் நால்வரை நிறுத்தவே ஆள் இல்லை என்றால் மட்டும் மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் எண்கள் மாறட்டும், அழைப்புச் சொற்கள் பழையவையாகவே இருக்கட்டும்.

மாற்றுவதற்குப் பதிலாகக் குறையுங்கள். இங்கே உங்கள் பதிவுகள் பெரிதும் உதவும். சென்ற மூன்று பருவங்களில் பயிற்சியாளர் கொடுத்த அழைப்புகள் ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது, அதனால் என்ன விளைந்தது என்று எண்ணிப் பாருங்கள். நான் பார்த்த வரையில், தடிமனான கையேட்டில் ஒரு சிறு பகுதிதான் முக்கியமான தருணங்களில் உண்மையில் ஆடப்படுகிறது. முன்வரிசை அமைப்பு இரண்டு, காவல் முறை மூன்று, கூடுதல் ஆளை அனுப்பும் தாக்குதல் இரண்டு என்ற அளவில் வசந்தகாலத்தைத் தொடங்கலாம். அனுமதிக்கப்பட்ட பயிற்சி நாட்கள் 15 மட்டுமே, அதில் ஒரு நாளைக்கு ஒரு புதுப் பாடம் என்று நிரப்பிக்கொண்டே போனால் எந்தப் பாடமும் உடம்பில் இறங்காது. ஒவ்வொரு அழைப்பையும், எதிரணி காட்டக்கூடிய எல்லா நிலைமாற்றங்களுக்கும் எதிராக ஆடிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

பயிற்சிப் பதிவுகளில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேருங்கள். வழக்கமான தகவல்களோடு, ஸ்னாப்புக்கு முன் யார் பேசினார், மற்றவர் பதில் சொன்னாரா, பந்து கிளம்பும்போது பதினொருவரும் உரிய இடத்தில் நிலைத்து நின்றார்களா என்ற மூன்றையும் ஒவ்வொரு பிளேக்கும் குறியுங்கள். உயரத்திலிருந்து எடுக்கும் பதிவில் குரல் கேட்காது, ஆகவே பின்வரிசைக்குப் பின்னால் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவரை நிறுத்துங்கள். நான்காம் நாளும் பன்னிரண்டாம் நாளும் எடுத்த குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த மாணவர் பேசத் தொடங்கியிருக்கிறார் என்பது பயிற்சியாளருக்கே ஆச்சரியம் தரும் அளவுக்குத் தெரியும். வேகமாக ஓடும் ஒருவர் ஊமையாக நின்று, சற்று மெதுவான ஒருவர் எல்லோரையும் இடத்தில் நிறுத்துகிறார் என்றால், சேஃப்டி இடத்துக்கு நான் இரண்டாமவரைத்தான் எழுதுவேன்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: முன்வரிசை நடுத்தடுப்பாளர், நடு லைன்பேக்கர், சேஃப்டி. இந்த முதுகெலும்பு நின்றுவிட்டால் ஓரங்களில் சிறிது தடுமாற்றம் இருந்தாலும் தாங்கலாம். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் இதுவே அளவுகோல். கார்னர்பேக்கும், ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நெருக்குபவரும் பெரும்பாலும் தம் தனித்திறமையை நம்பி ஆடுபவர்கள், அவர்களை வெளியிலிருந்து எடுத்துவரலாம். நடு லைன்பேக்கரையும் சேஃப்டியையும் வெளியிலிருந்து கொண்டுவருவதானால் ஜனவரியிலேயே வந்து வசந்தகாலப் பயிற்சி முழுவதும் ஆட வேண்டும், ஆகஸ்டில் வந்து சேருபவரிடம் அந்த இடத்தைக் கொடுப்பது அவருக்கும் அநியாயம்.

பந்தோடு ஓடுபவரை மடக்கிப் பிடிப்பதைப் பற்றி ஒரு கவலை எனக்குண்டு. புதியவர்கள் நிறைந்த அணி என்றதும், தினமும் முழு மோதலோடு பயிற்சி வைத்து அவர்களை முறுக்கேற்ற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள அணியில் மாற்று ஆட்டக்காரரையும் காயத்துக்குப் பறிகொடுக்கும் வழி அது. டார்ட்மத் கல்லூரியில் பட்டி டீவென்ஸ் 2010 முதல் பயிற்சியில் ஒரு வீரர் மற்றொரு வீரரை மடக்கி வீழ்த்துவதையே நிறுத்தினார். பஞ்சணைகளையும், பின்னர் அக்கல்லூரிப் பொறியியல் மாணவர்களின் முயற்சியில் உருவான, தானே நகரும் பொம்மையையும் கொண்டே அவருடைய மாணவர்கள் பழகினார்கள். அந்த அணி 2015-இல், தான் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான ஐவி லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது, 2016-இல் ஐவி லீக் முழுவதுமே பருவகாலப் பயிற்சிகளில் முழு மோதலைக் கைவிட்டது. பந்தை வைத்திருப்பவரை எந்தக் கோணத்தில் நெருங்குவது, எந்தக் காலை முன்வைப்பது, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பவற்றை யாரையும் வீழ்த்தாமலே நூறு முறை செய்து பழகலாம்.

இன்னொன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். போகப்போகிற எட்டுப் பேரும் மே மாதம் வரை அதே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். குறிப்பாகப் பேசிக்கொண்டிருந்த அந்தச் சேஃப்டியையும் லைன்பேக்கரையும் ஒரு மாலை அழைத்து உட்கார வைத்து, சென்ற பருவத்தின் இருபது பிளேகளைப் போட்டுக் காட்டி, ஸ்னாப்புக்கு முன் படத்தை நிறுத்தி, "இங்கே என்ன பார்த்தீர்கள், யாரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். விதிகளைக் கவனிக்கும் அலுவலரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டே செய்யுங்கள். எதிரணித் தடுப்பாளர் தரையில் ஊன்றிய விரல்களில் விழும் எடையைப் பார்த்து ஓட்டமா எறிதலா என்று கண்டுகொண்டதாக ஒருவர் சொல்லக்கூடும், அந்தக் குறிப்பு அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் பின்வரிசைக்குப் பயன்படும்.

செப்டம்பர் வந்ததும் மொத்த யார்டுகளைப் பார்த்து அணியை மதிப்பிட வேண்டாம் என்று உங்கள் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். இருபது யார்டுக்கு மேல் போன ஒவ்வொரு பிளேயையும் தனியே எடுத்து, அது ஓட்டத்தில் தோற்றதா, பிடியில் தோற்றதா, பேச்சில் தோற்றதா என்று பிரியுங்கள். முதல் நான்கு ஆட்டங்களில் பேச்சில் தோற்றவை குறைந்துகொண்டே வந்தால், ஆட்ட முடிவு எப்படியிருந்தாலும் பயிற்சியாளர் அதே பதினொருவரைத் தொடர்ந்து ஆட விடலாம். 2018 முதல் உள்ள விதிப்படி முதலாண்டு மாணவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்த ஆண்டுத் தகுதி வீணாகாது என்பதால், அவர்களை எந்த நான்கு ஆட்டங்களில், எத்தனை பிளேகளுக்கு இறக்குவது என்ற கணக்கையும் இப்போதே ஒரு தனித்தாளில் போட்டு அந்தக் குறிப்போடு இணைத்துக் கொடுங்கள்.