ஐசோ கமெண்ட் வரலன்னு கேட்ட கோத்தகிரிக்காரருக்கு

ஐசோங்கறது பிளாக்ல கமெண்ட் வாங்க நாமளே ஓட்டுற புரோகிராம். அதோட கான்ஃபிக்ல, அதாவது செட்டிங் ஃபைல்ல, ஹோஸ்ட்னு இருக்குற வரிய மாத்துங்க, அங்க ஐசோ ஓடுற அட்ரஸ் இல்ல, உங்க பிளாக் அட்ரஸ்தான் வரணும்.

ஹெச்டிடிபிஎஸ்க்கு மாறினதுல இருந்துதான் கமெண்ட் வரலங்கறீங்க, அப்ப பழைய ஹெச்டிடிபி அட்ரஸே அதுல கெடக்கும், பிரவுசர் வேற சைட்டுன்னு தடுத்துரும். டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டும் போடாமலும் பிளாக் தொறக்கும்னா ரெண்டையும் தனித்தனி வரில எழுதி ஐசோவ ரீஸ்டார்ட் பண்ணுங்க.

பிரவுசர்ல எஃப்12 அடிச்சு, எரர் காட்டுற கன்சோல் பாருங்க. கார்ஸ்னு (வேற சைட்டுன்னு பிரவுசர் தடுக்குற விதி) செவப்பா வந்தா இதேதான், மிக்ஸ்டு கன்டென்ட்னு (ஹெச்டிடிபிஎஸ் பக்கத்துல ஹெச்டிடிபி கலந்திருக்கு) வந்தா, பிளாக் பக்கத்துல ஐசோவ கூப்பிடுற ஸ்கிரிப்ட் டேக்ல இருக்குற ஐசோ அட்ரஸும் ஹெச்டிடிபிஎஸ் ஆகணும்.

அப்புறம் ஐசோவ வீட்டுல ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்லயா ஓட்டுறீங்க? நம்ம மலைல ஐப்பசி மழைக்கு கரண்ட் போற போக்குல எஸ்டி கார்டு எப்ப வேணா படுத்துரும்ங்க. கமெண்ட் எல்லாம் ஒரே எஸ்க்யூஎல்லைட் டேட்டாபேஸ் ஃபைல்தான், ஐசோவ நிறுத்திட்டு அத காப்பி எடுத்து வேற எடத்துல வைங்க.