அடித்துவிட்ட பழைய விலையைப் பார்த்ததும் புது விலை ஏன் மலிவாகத் தெரிகிறது?

இதற்குப் பெயர் நங்கூர விளைவு. முதலில் கண்ணில் பட்ட எண்ணிலேயே மனசு நின்றுகொண்டு, அப்புறம் வருவதையெல்லாம் அதிலிருந்தே அளக்கும்.

கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையோர மாம்பழக் கடையில், அட்டையில் 160 என்று எழுதி, அதைச் சிவப்புக் கோடு போட்டு அடித்து, கீழே 110 என்று பெரிதாக எழுதியிருந்தால் நம் கை தானாகப் பையை நீட்டும். ஒரு கிலோ மல்கோவா நியாயமாக என்ன விலை என்று நம்மில் பலருக்குத் தெரியாது, தெரியாத இடத்தில் மனசு கிடைத்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து கொஞ்சம் இறங்கும், ஆனால் போதுமான அளவு இறங்காது. ஜிலேபி தின்ற வாயில் டீ சப்பென்று இருக்குமே, அது மாதிரிதான். டீயில் சர்க்கரை குறையவில்லை.

1974இல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் எழுதிய சோதனை இன்னும் வியப்பு. 10 அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி செய்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐநாவில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடு மதிப்பு 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண்கூட இழுக்கிறது! அதனால் கடைக்குப் போகும் முன்பே மண்டி விலையை விசாரித்துவிடுங்கள்.

விவரம் தெரியாதவர்கள்தான் இதில் சிக்குவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் 1987இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வீடு விற்றே பிழைக்கும் தரகர்களும் விற்பவர் கேட்பதாகத் தாளில் போட்டிருந்த விலையின் பக்கமாகவே சாய்ந்து மதிப்புச் சொன்னார்கள்.