குரூப் ப்ராஜெக்டில் நான் மட்டும் இழுக்கிறேன்

கேள்வி: ராமநாதபுரத்தில் விலங்கியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஐந்து பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்கிறோம். ஒருவன் போனே எடுப்பதில்லை. ஒருத்தி நாங்கள் எழுதுவதையெல்லாம் கேட்காமலே மாற்றிவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: போன் எடுக்காதவரிடமிருந்து தொடங்குவோம். பிரெஞ்சுப் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்த கணக்கை 1913-ல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட, தலைக்கு இழுக்கும் பலம் குறைந்தது. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கயிற்றில் கை வைத்தவரெல்லாம் இழுப்பதில்லை. பின்னாளில் ஆட்களைக் கத்த வைத்துச் செய்த சோதனைகளில், தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது இந்தத் தொய்வு மறைந்தது.

ஆகவே 'எல்லாரும் ஃபீல்டு ஒர்க்' என்று பொதுவாக எழுதி வைக்காதீர்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் நாலு பேட்டி, ஒலிப்பதிவோடு' என்று எழுதி, பக்கத்தில் பெயர் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பாசிக்கு இறங்குவார்கள் என்பதால், அந்தத் தேதிகளை முதலில் பிடியுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காமல், ஆளை நேரில் பிடித்து, தனியாகக் கேளுங்கள். படகு கரைக்கு வரும் காலையில் அப்பாவோடு ஏலத்துக்கு நிற்கும் பையனாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலையைக் கொடுங்கள். அதை ராத்திரி வீட்டில் உட்கார்ந்தே முடிக்கலாம்.

மாற்றி எழுதும் தோழிக்குப் பெரும்பாலும் மார்க் பயம்தான். (ஐந்து பேருக்கும் ஒரே மார்க் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?) 'நீ யாரையும் மதிக்கிறதில்ல' என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: 'மூணாம் பக்கத்துல இருந்த கிலோ விலையை மாத்திட்ட. அது அந்த அக்கா சொன்ன விலை. சந்தேகம்னா ஓரத்துல குறிச்சு வை, நான் பதிவைக் கேட்டுச் சரி பண்றேன்.' கடைசித் தொகுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம். எழுத்துப்பிழையும் நடையும் அவர் பொறுப்பு; தகவலில் கை வைக்க, எழுதியவரின் சம்மதம் வேண்டும். இதை ஐவரும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இரண்டு கெடு தாண்டியும் வேலை வரவில்லையா? பெயரும் தேதியும் போட்ட அந்தத் தாளோடு வழிகாட்டி ஆசிரியரிடம் போங்கள். அறிக்கை கொடுக்கும் வாரத்தில் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.