படுத்ததும் ஓடத் தொடங்கும் மனசு

கேள்வி: எனக்கு வயது 34. பகலில் வேலை இருப்பதால் ஒன்றும் தெரிவதில்லை. இரவு விளக்கை அணைத்ததும் தொடங்கிவிடும். அன்று யாரிடமாவது பேசிய ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப ஓடும். ‘ஏன் அப்படிச் சொன்னேன், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?’ அது ஓய்ந்தால் நாளைய கவலை. யோசிக்காதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், இன்னும் அதிகமாகிறது. நல்லதையே நினை என்கிறார்கள், முடியவில்லை. இதற்கெல்லாம் தெரபிக்குப் போக வேண்டுமா? நானே ஏதாவது செய்துகொள்ளலாமா?

பதில்: மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றால் என்ன ஆகும்? குரங்கு மட்டும்தான் வரும். இதையே 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சோதனையாகச் செய்தார், அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று பார்க்க, மனசு அதையே தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதனால் ‘யோசிக்காதே’ பலிக்காததற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. நடந்து முடிந்ததை அசைபோடுவது ஒன்று, வரப்போவதற்குக் கவலைப்படுவது இன்னொன்று. இரண்டும் ஒரே படுக்கையில் வருவதால் ஒன்றுபோலத் தெரிகிறது. கையாளும் விதம் வேறு.

கவலையை முதலில் பார்ப்போம், அது சுலபம். கவலைக்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த முறை இது. படுக்கையில் வேண்டாம், தூங்கப்போகும் நேரத்தை ஒட்டியும் வேண்டாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துக்கொண்டு, ‘உனக்கு ஆறு மணிக்கு நேரம் தந்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அடக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே கதவைச் சாத்தவில்லை, காத்திருக்கத்தான் சொல்கிறோம். ஆறு மணிக்குச் சீட்டை எடுத்தால் சில கவலைகள் அதற்குள் ஆறிப்போயிருக்கும். மிச்சத்தில் நம்மால் ஏதாவது செய்ய முடிந்தவற்றுக்கு முதல் வேலை என்ன என்று எழுதுங்கள். முடியாதவற்றை அந்த அரை மணியோடு விட்டுவிடுங்கள். முதல் வாரம் இது கேலிக்கூத்தாகத் தோன்றும். தோன்றட்டும்.

அசைபோடுவதுதான் கஷ்டமானது. 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில், மின்னல்போல வந்துபோகும் இன்னொரு வரிசை எண்ணங்கள் இருந்தன. அவற்றை யாரும் சரிபார்ப்பதில்லை, வந்ததும் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். தானாக வரும் எண்ணங்கள் என்று அவற்றுக்குப் பெயர். இன்று சி.பி.டி. என்று சொல்லும், எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை இங்கிருந்து வளர்ந்ததுதான். ‘என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்’ என்று கேட்கிறீர்களே, அதற்கு மனசு உடனே ஒரு பதிலும் வைத்திருக்கும், கவனித்துப் பாருங்கள். ‘முட்டாள் என்று நினைத்திருப்பார்.’ அடுத்தவர் மண்டைக்குள் போய்ப் படித்துவிட்டு வந்ததுபோல!

இதற்குத் தாளும் பேனாவும் வேண்டும். மனசுக்குள்ளேயே செய்தால் இதுவும் இன்னொரு அசைபோடலாகிவிடும். என்ன நடந்தது என்பதை முதலில் எழுதுங்கள், கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும். ‘நான் பேசி முடித்ததும் அவர் பதில் சொல்லாமல் போனைப் பார்த்தார்.’ ‘அலட்சியப்படுத்தினார்’ என்பது கேமராவில் பதிவாகாது. அடுத்து, அப்போது ஓடிய எண்ணம். மனசு எவ்வளவு வலித்தது என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண், 80 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்த எண்ணத்துக்குச் சாதகமான ஆதாரம், எதிரான ஆதாரம், வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம் என்பது. கடைசியில் மறுபடி மதிப்பெண். 80 என்பது 50 ஆனால் அது நல்ல பலன். பூஜ்யம் வராது, வர வேண்டியதும் இல்லை.

ஆதாரம் எழுதும் இடத்தில்தான் பலர் வழுக்குவார்கள். ‘எனக்கு அப்படித் தோன்றுகிறதே’ என்பது ஆதாரமாகாது. இதை ‘நல்லதையே நினை’ என்பதோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். நல்லது கெட்டது இரண்டையும் விசாரித்து, ஆதாரம் எதற்கு இருக்கிறதோ அதை ஏற்பதுதான் இது. எனவே சில சமயம் எண்ணம் சரியாகவே இருக்கும், நீங்கள் உண்மையிலேயே ஒருவர் மனம் நோகப் பேசியிருப்பீர்கள். அதற்கு மருந்து தாளில் இல்லை. மறுநாள் காலை போய் ‘நேற்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று சொல்வதுதான்.

சரி, நள்ளிரவில் என்ன செய்வது? அப்போது விசாரணை வேண்டாம். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, வாக்கியத்தோடு ‘என்ற’ சேர்த்தால் போதும். ‘நான் உளறிவிட்டேன்’ என்பதை ‘நான் உளறிவிட்டேன் என்ற எண்ணம் வருகிறது’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எண்ணம் போகாது, ஆனால் உங்களுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும். எண்ணங்களோடு சண்டை போடாமல் அவற்றை வந்துபோக விடப் பழக்கும் ‘ஏற்பு சார்ந்த சிகிச்சை’யில் கற்றுத்தரும் திறன் இது. ஏறக்குறைய இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (மணி பார்க்காதீர்கள்) எழுந்து வேறு அறைக்குப் போங்கள், மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது செய்யுங்கள். கண் செருகும்போது திரும்புங்கள். படுக்கை என்றாலே யோசிக்கும் இடம் என்று உடல் பழகியிருக்கிறது, அதை மாற்றத்தான் இது. எவ்வளவு மோசமாகத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது படபடப்பைக் குறைக்கும். எண்ணத்துக்கு அது பதிலாகாது என்பது என் அனுபவம்.

தெரபி பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் எழுதிய அளவில் இருந்தால் மூன்று, நான்கு வாரம் நீங்களே முயலலாம். ஆனால் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே கிடப்பதோ, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவதோ இரண்டு வாரத்தைத் தாண்டினால், பசி, வேலை, உறவு பாதிக்கப்பட்டால், தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருப்பது எதற்கு என்ற எண்ணம் வந்தால் அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, மருத்துவரிடம் போய்விடுங்கள். தெரபிஸ்ட்டிடம் போகும்போது நீங்கள் எழுதிய தாள்களை, அரைகுறையாக இருந்தாலும், எடுத்துச் செல்லுங்கள். முதல் சந்திப்பில் கேள்வி கேட்டு அறிய வேண்டிய பாதி விஷயம் அதிலேயே இருக்கும்.